பதினேழாவது நாள்

ஐஸ் பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஆல்ப்ஸ் மலை இறங்கிய பட்டாளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நடந்தது. 1964 ஜனவரி. ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் என்றொரு மலை நகரம். குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குத் தேதி குறித்து, ஊர் உலகத்தையெல்லாம் அழைத்தாகிவிட்டது. வாழைமரம் கட்டாத குறை. எல்லாம் ரெடி. மாப்பிள்ளையை மட்டும் காணோம். அதாவது, பனி!

அந்த வருஷம் பார்த்து வானம் கைவிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். சிப்பாய்கள் உயரமான இடங்களிலிருந்து 20,000 ஐஸ் பாளங்களைக் கொண்டுவந்து சறுக்குவண்டிப் பாதையில் பதித்தார்கள். 40,000 கனமீட்டர் பனியை அள்ளிவந்து சரிவுகளில் கொட்டினார்கள். திருநெல்வேலிக்கே அல்வா என்பார்களே, அது இதுதான்.

எப்படியோ விழா நடந்து முடிந்தது. அதில் இந்தியாவும் கலந்துகொண்டது என்றால் நம்புவீர்களா? போலந்து வம்சாவளியைச் சேர்ந்த ஜெரமி புயாக்கோவ்ஸ்கி என்கிற ஒரே ஒரு வீரர். குளிர்கால ஒலிம்பிக்ஸில் நம் நாட்டுக்காக முதன்முதலில் இறங்கியவர் அவர்தான்.

அதே 1964-ல் இங்கே நம்ம துவாக்குடியில் என்ன நடந்துகொண்டிருந்தது? இன்றைக்கு என்.ஐ.டி. என்று சொல்கிறோமே, அந்தக் கல்லூரி ஆரம்பமான வருஷம் அது. பக்கத்தில் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. கொதிகலனுக்கும் ஆல்ப்ஸ் பனிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன முன்கதை.

1924-ல் பிரான்ஸ் தேசத்து ஷாமோனி என்கிற மலையூரில், ‘சர்வதேச குளிர்கால விளையாட்டு வாரம்’ என்று ஒன்றை நடத்தினார்கள். 16 நாடுகள். இருநூற்றிச் சொச்சம் வீரர்கள். அவ்வளவுதான் கூட்டம். ஒலிம்பிக்ஸ் என்ற பெயர்கூட அதற்குப் பிற்பாடுதான் சூட்டப்பட்டது. உறைந்து கிடக்கிற தண்ணீர்மேல் சறுக்கினார்கள், மலையிலே கிடந்த பனிமேல் ஓடினார்கள், குதித்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மலைக்குப் பெரிய சேதாரம் ஒன்றுமில்லை.

ஆனால் விழா என்று ஒன்று ஆரம்பித்துவிட்டால் அது சும்மா இருக்குமா? அடுத்த ஊர், முந்தின ஊரைவிடப் பெரிசாகச் செய்தாக வேண்டுமே. அரங்கங்கள் பெருத்தன. அரங்கத்துக்கு ரோடு. ரோட்டுக்குச் சுரங்கம். வருகிறவர்களுக்கு ஹோட்டல். டெலிவிஷன் வந்த பிற்பாடு கேட்கவே வேண்டாம். கோடை ஒலிம்பிக்ஸாவது ஒரு மாநகரத்துக்குள் நடக்கிற சமாசாரம். குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடப்பது மலையில். காட்டை வெட்டாமல் சறுக்குப் பாதை கிடையாது. பதினாறு பதினேழு நாள் கூத்துக்காக நூறு வருஷத்து மரங்கள்!

எல்லோருமே அப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. 1960-ல் அமெரிக்காவில் ஸ்குவா வேலி என்ற இடத்தில் நடந்தபோது, சறுக்குவண்டிப் போட்டிக்கு வெறும் ஒன்பது நாடுகள்தான் வருவதாகச் சொல்லியிருந்தன. ஒன்பது நாட்டுக்காக அவ்வளவு பெரிய பாதையா? கட்ட முடியாது என்றுவிட்டார்கள். அந்த வருஷம் அந்தப் போட்டியே கிடையாது. பூமி ஒன்றும் சுற்றுவதை நிறுத்திவிடவில்லை.

1972-ல் ஜப்பானின் சப்போரோ நகரம். மலை உச்சியிலிருந்து சீறி இறங்குகிற போட்டிக்குப் பொருத்தமான சரிவு ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருந்தது. அனுமதி கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையுடன். விளையாட்டு முடிந்ததும் கட்டியதையெல்லாம் பிரித்துவிட்டு, வெட்டிய இடத்தில் மறுபடி மரம் நடவேண்டும். அப்படியே செய்தார்கள்.

ஆக, விழா முடிந்த மறுநாள் இந்த இடம் எப்படி இருக்கும் என்கிற கேள்வி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்ட ஆரம்பித்துவிட்டது. அதைப் பதினேழாவது நாள் கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் அதை அதிகாரிகள் கேட்டார்களே தவிர, அந்த மண்ணில் குடியிருக்கிறவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

திறந்தார்கள். அதே 1972-ல். அமெரிக்காவில்.

கொலராடோ மாநிலத்தின் தலைநகரம் டென்வர். 1976 குளிர்கால ஒலிம்பிக்ஸ் அவர்களுக்கு என்று 1970-ல் முடிவாகியிருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள், வியாபாரிகள், ஹோட்டல்காரர்கள், அரசியல்வாதிகள் எல்லோர் முகத்திலும் ஆயிரம் வாட்ஸ் பல்பு. அமெரிக்கா பிறந்து 200 வருஷம், கொலராடோ மாநிலமாகி 100 வருஷம், இரண்டும் 1976-ல்தான். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

மக்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

டென்வருக்கு மேற்கே மலையோரத்தில் எவர்கிரீன் என்றொரு ஊர். ஒருநாள் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியவந்தது, பனிச்சறுக்குப் பந்தயப் பாதை தங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒட்டியே போகப் போகிறது என்று. ‘யாருங்க பர்மிஷன் கொடுத்தது?’ என்று ஆரம்பித்தார்கள். ஒன்றைக் கிளறினால் இன்னொன்று வந்தது. மலையிறக்கப் போட்டிக்கு என்று காட்டிய ஸ்னிக்டாவ் மலையில் போதிய பனியே கிடையாது. அப்படியானால் ஒலிம்பிக் கமிட்டிக்குக் கொடுத்த புத்தகத்தில் வெள்ளை வெளேரென்று இருந்ததே? படத்தில் பனியைத் தீட்டியிருந்தார்கள்! கல்யாணத் தரகர்கள் பெண்ணுக்கு ஸ்டூடியோவில் டச்சிங் செய்த போட்டோவைக் காட்டுவார்களே, அந்த மாதிரி.

செலவுக் கணக்கும் அதே லட்சணம்தான். 14 மில்லியன் டாலர் என்று ஆரம்பித்தது, கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனது.

டிக் லாம் என்று ஒரு இளம் சட்டமன்ற உறுப்பினர். வக்கீல். கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூட ஒரு சின்னக் கூட்டம். பெரிய பணமில்லை. பத்திரிகை ஆதரவு அதிகமில்லை. வீடு வீடாகப் போனார்கள். கையெழுத்து வாங்கினார்கள். கேட்டதெல்லாம் ஒன்றுதான். ‘ஒலிம்பிக்ஸுக்கு நம் வரிப்பணத்தைக் கொடுக்கலாமா கூடாதா, நம்மிடம் ஓட்டு கேட்கட்டும்!’

1972 நவம்பர் 7. ஜனாதிபதித் தேர்தலோடு சேர்த்து அந்த ஓட்டும் நடந்தது. நிக்ஸன் அமோகமாக ஜெயித்த அதே நாளில், கொலராடோவில் ஐந்து பேருக்கு மூன்று பேர் வீதம் ‘கொடுக்கக் கூடாது’ என்று குத்தித் தள்ளிவிட்டார்கள். ஒரு வாரத்தில் டென்வர், ‘எங்களை விட்டுடுங்க’ என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தது. கையில் கிடைத்த ஒலிம்பிக்ஸை ஜனங்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஊர் சரித்திரத்திலேயே அது ஒன்றுதான்.

டிக் லாம் என்ன ஆனார்? 1974 தேர்தலில் ஜெயித்து கொலராடோவின் கவர்னரே ஆகிவிட்டார். பன்னிரண்டு வருஷம் இருந்தார்.

சரி, அந்த 1976 ஒலிம்பிக்ஸ்? நம்ம பழைய இன்ஸ்ப்ரூக்குக்கே போனது. 1964-ல் கட்டியவை பலவும் அப்படியே இருந்தன. தூசி தட்டி, தேவையானதை மட்டும் புதுசாகச் சேர்த்து நடத்தி முடித்தார்கள். பழைய விழாவுக்கு ஒன்று, புது விழாவுக்கு ஒன்று என இரண்டு ஒலிம்பிக் தீபம் ஏற்றினார்கள். யோசித்துப் பாருங்கள். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த ஒலிம்பிக்ஸ்’ என்று இன்றைக்கு மணிக்கணக்கில் கருத்தரங்கம் நடத்துகிறார்களே, அதன் முதல் பாடம் இதுதான். ஏற்கெனவே இருக்கிற இடத்தில் நடத்து. அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. ‘முடியாது’ என்று சொன்ன ஊர் ஜனங்கள்.

ஆச்சா? இப்போது கொதிகலன் கதைக்கு வருவோம்.

1949-50 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு சின்னப் பட்டறை. பனிச்சறுக்குக்கான அலுமினியச் சட்டங்கள் செய்கிற இடம். அந்த வருஷம் பனியே பெய்யவில்லை. பனி இல்லை என்றால் சறுக்குச் சட்டத்தை யார் வாங்குவார்கள்? சரக்கு தேங்கிவிட்டது. பட்டறைக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்து யோசித்தார்கள். பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ், ஒரு ஏர் கம்ப்ரஸர். கடுங்குளிரில் தண்ணீரையும் காற்றையும் சேர்த்து வேகமாகப் பீய்ச்சியடித்தால் என்ன ஆகும்? தண்ணீர் பொடிப்பொடித் துளியாகச் சிதறி, கீழே விழுவதற்குள் உறைந்துவிடும். அவ்வளவுதான். செயற்கைப் பனி ரெடி!

துவாக்குடி சிட்கோ எஸ்டேட்டில் லேத்தும் வெல்டிங்குமாக இருக்கிற எந்தத் தம்பியிடம் சொன்னாலும், ‘இவ்ளோதானா சார்?’ என்று கேட்பார். இவ்வளவுதான். ஆனால் இந்த ‘இவ்வளவுதான்’தான் கதையையே மாற்றியது.

1980-ல் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரத்தில் நடந்தபோது முதன்முறையாக ஒலிம்பிக்ஸில் செயற்கைப் பனி இறங்கியது. அதற்குப் பிறகு பனி பெய்யாத மலையும் கவலைப்படத் தேவையில்லாமல் போனது. தண்ணீர் இருக்கிறதா? கரன்ட் இருக்கிறதா? போதும்.

(லேக் பிளாசிட்டைப் பற்றி ஒரு தகவல் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. வீரர்கள் தங்கக் கட்டிய ஒலிம்பிக் கிராமத்தைப் பிற்பாடு என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்துவிட்டார்கள். விழா முடிந்ததும் அதை மத்திய சிறைச்சாலையாக மாற்றிவிட்டார்கள். பதினேழாவது நாள் கேள்விக்கு இப்படியும் ஒரு பதில்!)

தண்ணீர் எங்கிருந்து வரும்? மலை ஓடையிலிருந்து. கரன்ட்? உலகத்தின் பல நாடுகளில் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. நிலக்கரி எரிகிற இடம் கொதிகலன். திருச்சியில் செய்து, துவாக்குடிப் பட்டறைகளில் உதிரிபாகம் பற்றவைத்து அனுப்புகிறோமே, அதே சாமான்தான். கொதிகலனில் கரி எரிந்தால் பூமி சூடாகும். பூமி சூடானால் மலையில் பனி குறையும். பனி குறைந்தால் செயற்கைப் பனி வேண்டும். அதற்கு இன்னும் கரன்ட். அதற்கு இன்னும் கரி.

சுற்றிச் சுற்றி வருகிறதா? பிள்ளையாரைப் பிரதட்சணம் செய்கிற மாதிரி. ஆனால் புண்ணியம்தான் இல்லை.

இப்போது 1992-க்கு ஒரு தாவல். பிரான்ஸில் ஆல்பெர்வில். அந்த ஊர் பெயரில் நடந்த 57 போட்டிகளில் அந்த ஊரிலேயே நடந்தவை 18 மட்டும்தான். மிச்சம் எல்லாம் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகச் சிதறிக் கிடந்தன. இத்தனை இடத்துக்கும் ரோடு போட்டு, மலையைக் குடைந்து, சரிவைச் சீவி... சுற்றுச்சூழல்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். உலகப் பத்திரிகைகள் முதல்முறையாக மெடல் பட்டியலுக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட மலையின் படத்தையும் போட்டன.

அடுத்த முறை நார்வே. 1994. ஊர் பெயர் லில்லஹாமர். ஊரா அது? மொத்தமே இருபதாயிரத்துச் சொச்சம் ஜனத்தொகை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

1988-ல் அவர்களுக்கு ஒலிம்பிக்ஸ் கிடைத்தபோது பசுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. பின்தங்கிய பகுதிக்கு ரோடு வரும், வேலை வரும் என்பதுதான் கணக்கு. ஆனால் அந்த நாட்டின் பிரதமர் யார் தெரியுமோ? க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட். 1987-ல் ஐ.நா. சபைக்காக ஓர் அறிக்கை கொடுத்து, ‘இன்றைய தேவைக்காக நாளைய தலைமுறையின் சோற்றில் கைவைக்காதீர்கள்’ என்கிற கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன அம்மையார். உலகத்துக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டில் காட்டை வெட்டினால் நன்றாகவா இருக்கும்?

அங்கே இருந்த இயற்கை ஆர்வலர்கள் அந்தப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் ஹாமார் என்றொரு ஊர். ஏரிக்கரை. சறுக்கு ஓட்டப் போட்டிக்கு அங்கே ஒரு பிரமாண்ட அரங்கம் திட்டமிட்டார்கள். கவிழ்த்துப்போட்ட வைக்கிங் கப்பல் மாதிரிக் கூரை. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் இடம்? ஓக்கர்ஸ்விகா என்கிற பறவைகள் சரணாலயத்தை ஒட்டி. நம்ம பக்கத்து காரைவெட்டி ஏரி மாதிரி, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் பட்டியலில் உள்ள நீர்நிலை அது.

‘பறவை வந்து உட்காருகிற இடத்தில் கப்பலைக் கவிழ்க்காதே!’ என்று போர்க்கொடி தூக்கினார்கள். பெரிய சண்டை. கடைசியில் ஒரு சமரசம். அரங்கம் தண்ணீரை விட்டு விலக்கி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். விழாக் கமிட்டியும் ஆர்வலர்களும் எதிரெதிரே நின்றது போதும் என்று ஒரே மேஜையில் உட்கார ஆரம்பித்தார்கள்.

உட்கார்ந்ததன் பலன் என்ன?

யோவிக் என்ற ஊரில் ஐஸ் ஹாக்கி அரங்கத்தை மலைமேல் கட்டாமல் மலைக்குள் கட்டினார்கள். பாறையைக் குடைந்து உள்ளே ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்கள் உட்காருகிற மண்டபம்! மேலே ஊர் அப்படியே இருக்கிறது, உள்ளே ஆட்டம் நடக்கிறது. பாறைக்குள் வெப்பநிலை வருஷம் முழுக்க அதிகம் மாறாது என்பதால் கரன்ட் செலவும் மிச்சம். நம் முன்னோர் குன்றைக் குடைந்து கோயில் கட்டினார்களே, அதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். திருச்சி மலைக்கோட்டைப் பல்லவர் குகைக்குள் மே மாதம் போய் நின்றிருந்தால் புரியும்.

சறுக்குவண்டிப் பாதையைச் சரிவை ஒட்டி, வெளியில் துருத்தாதபடி அமைத்தார்கள். மரங்களுக்கு விலை குறித்தார்கள். அனாவசியமாக ஒரு மரத்தில் கைவைத்தால் கான்ட்ராக்டருக்கு அபராதம். நம்ம ஊரில் கான்ட்ராக்டருக்கு அபராதம் என்றால் சிரிப்பார்கள். அங்கே வசூலித்துவிடுவார்கள் என்கிற பயம் இருந்தது.

பதினாறு நாள் விழா. 1994 பிப்ரவரி 12-லிருந்து 27 வரை. முடிந்தது. பதினேழாவது நாள்?

அதற்கான பதில் 22 வருஷம் கழித்து வந்தது. 2016-ல் இளைஞர்களுக்கான குளிர்கால ஒலிம்பிக்ஸை அதே லில்லஹாமரில் நடத்தினார்கள். அந்தக் கவிழ்ந்த கப்பல், அந்தக் குகை, அந்தச் சறுக்குவண்டிப் பாதை, எல்லாம் அப்படியே உயிரோடு இருந்தன. தூக்கிப்போடவில்லை. துருப்பிடிக்க விடவில்லை.

லில்லஹாமர் பார்த்துவிட்டு ஒலிம்பிக் கமிட்டியும் விழித்துக்கொண்டது. 1996-ல் தன் சாசனத்திலேயே சுற்றுச்சூழலைச் சேர்த்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரும் பசுமை பசுமை என்று பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. தாளம்தான் அடிக்கடி தப்பியது.

2010-ல் கனடாவின் வான்கூவர். குப்பையில் போன எலெக்ட்ரானிக் சாமான்களில் இருந்து எடுத்த உலோகத்தைக் கலந்து மெடல் செய்தார்கள். பூச்சி அரித்துச் செத்துப்போன பைன் மரங்களை வைத்து அரங்கத்துக்குக் கூரை போட்டார்கள். சபாஷ்! ஆனால் ஒரு மலையில் பனி இல்லாமல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுவந்து கொட்ட வேண்டியதாயிற்று. இன்ஸ்ப்ரூக்கில் சிப்பாய் தோளில் வந்தது, இங்கே ஹெலிகாப்டரில் வந்தது. முன்னேற்றம்!

2018-ல் தென்கொரியாவின் பியாங்சாங். நாலே நாலு தொடக்க, நிறைவு விழாக்களுக்காக 35,000 பேர் உட்காருகிற ஸ்டேடியம் கட்டினார்கள். முடிந்ததும் பிரித்தார்கள். அது நல்லதுதான். ஆனால் ஒரு சறுக்குப் பாதைக்காகக் காரிவாங் மலையின் பழங்காட்டில் பல்லாயிரம் மரங்களை வெட்டினார்கள். திருப்பி வளர்த்துத் தருவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். முடிந்த பிறகு, ரோப் கார் நன்றாக இருக்கிறதே, அதையாவது வைத்துக்கொள்கிறோம் என்று உள்ளூரில் இழுபறி. ரோப் கார் நிலைத்துவிட்டது.

2022-ல் பெய்ஜிங். பழைய இரும்பாலையின் குளிர்விப்புக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் ஒரு போட்டி, 2008-ல் நீச்சல் அடித்த குளத்தின்மேல் ஐஸ் தளம் போட்டு அதில் ஒரு போட்டி என்று மறுபயன்பாட்டில் அசத்தினார்கள். ஒலிம்பிக் தீபத்தைக்கூடப் பெரிய கொப்பரையில் ஏற்றாமல் ஒரு ஒற்றைத் தீவட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் மலைப் போட்டிகள் நடந்த இடத்தில் குளிர்காலத்தில் பனி அபூர்வம். கிட்டத்தட்ட மொத்தமும் மெஷின் பனி. பழுப்பு மலையில் வெள்ளைப் பெயின்ட் பட்டை அடித்த மாதிரிச் சறுக்குப் பாதைகள்.

நடுவே ஒரு சங்கதி நடந்துகொண்டிருந்தது. டென்வர் ஜனங்கள் 1972-ல் சொன்ன ‘முடியாது’ தொற்றிக்கொண்டுவிட்டது! 2013-ல் ஜெர்மனியின் மியூனிக் பகுதி மக்கள் ஓட்டுப்போட்டு வேண்டாம் என்றார்கள். 2018-ல் கனடாவின் கால்கரி. இவ்வளவு ஏன், இரண்டு முறை நடத்திய இன்ஸ்ப்ரூக் இருக்கிறதே, அந்த டிரோல் மாநிலத்து மக்களே 2017-ல், ‘2026-க்கு நாங்கள் வரவில்லை’ என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

கூப்பிட்டு வர ஆளில்லை என்றதும் ஒலிம்பிக் கமிட்டி இறங்கி வந்தது. புதுசாகக் கட்டாதீர்கள், இருப்பதையே பயன்படுத்துங்கள், பக்கத்து நாட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்று 2014 டிசம்பரில் விதியையே மாற்றியது. பார்த்தீர்களா? நல்ல புத்தி நாலு பேர் உபதேசம் செய்து வரவில்லை. நாலு ஊர் ‘மாட்டேன்’ என்று சொல்லி வந்தது.

விதி மாறினாலும் விதி யாரை விட்டது! 2026-க்காக இத்தாலியின் கார்ட்டினாவில் சறுக்குவண்டிப் பாதை வேண்டும். எதற்குப் புதுசு, இருக்கிற வெளிநாட்டுப் பாதையில் நடத்துங்கள் என்று கமிட்டியே சொன்னது. அருகிலேயே அப்படி ஒரு பாதை தயாராக இருந்தது. எங்கே? இன்ஸ்ப்ரூக்கில்! கௌரவம் விடவில்லை. நூற்றுக்கணக்கான லார்ச் மரங்களை வெட்டிப் புதுசாகவே கட்டினார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கவலை, நமக்கென்ன என்கிறீர்களா? இமயமலை யாருடையது?

உத்தராகண்டில் சமோலி மாவட்டம். 1973. மண்டல் என்கிற கிராமத்து ஜனங்கள், ஏர் நுகத்தடி செய்வதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆஷ் மரம் கேட்டார்கள். அந்த ஊரில் அதற்கு ‘அங்கு’ என்று பெயர். வனத்துறை மாட்டேன் என்றது. ஆனால் கொஞ்ச நாளில் அதே காட்டில் மரம் வெட்ட வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. என்ன கம்பெனி தெரியுமா? டென்னிஸ் மட்டையும் மற்ற சாமானும் செய்கிற விளையாட்டுப் பொருள் கம்பெனி!

உழுகிறவனுக்கு மரம் இல்லை, விளையாடுகிறவனுக்கு உண்டு. கிராமம் கொதித்தது. சண்டி பிரசாத் பட் வழிகாட்ட, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்போம், வெட்டுகிறவன் எங்களை வெட்டட்டும் என்று கிளம்பினார்கள். கம்பெனி ஆட்கள் வந்த வழியே திரும்பினார்கள். ‘சிப்கோ’ என்று உலகம் அறிந்த இயக்கம் பிறந்தது இப்படித்தான். அடுத்த வருஷம் அதே மாவட்டத்தில் ரேணி கிராமத்தில் கௌரா தேவி என்கிற அம்மாள் தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டென்வரில் ஓட்டுப் போட்டு ஆறு மாசம்கூட ஆகவில்லை, மண்டலில் இது நடக்கிறது. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க மாட்டார்கள். கேட்ட கேள்வி மட்டும் ஒன்று. எங்க மலையில் விளையாட்டு யாருக்கு, வாழ்க்கை யாருக்கு?

அந்தச் சமோலி மாவட்டத்தில்தான் அவுலி இருக்கிறது. இந்தியாவின் பெயர்பெற்ற பனிச்சறுக்குத் தலம். 2011 ஜனவரியில் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டு அங்கேயும் டேராடூனிலும் நடந்தது. அவுலிக்குச் செயற்கைப் பனி மெஷின்கள் வந்து இறங்கின. டேராடூனில் பெரிய ஐஸ் அரங்கம் எழும்பியது. ஒரு வாரம் அமர்க்களம். அப்புறம்? ஐஸ் அரங்கத்தின் கரன்ட் பில்லைக் கட்ட வழியில்லாமல் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2025-ல்தான் மறுபடி உயிர் கொடுத்துத் திறந்தார்கள். அவுலியில் இயற்கைப் பனி வராத வருஷங்களில் போட்டிகள் தள்ளிப்போவதும் ரத்தாவதும் வாடிக்கையாகிவிட்டது. காஷ்மீரத்து குல்மார்க்கே தப்பவில்லை. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

அவுலிக்குக் கீழே ஜோஷிமட். பழைய நிலச்சரிவு மண்மேல் உட்கார்ந்திருக்கிற ஊர், பெரிய கட்டடம் கட்டாதீர்கள், மரத்தை வெட்டாதீர்கள் என்று 1976-லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்தது. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். அவுலிக்குப் போகிற ரோப் காரையே நிறுத்த வேண்டியதாயிற்று. விளையாட்டால்தான் ஊர் விரிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. காரணங்கள் பல. ஆனால் தாங்குகிற மண்ணின் பலம் என்ன என்று கேட்காமல் அதன்மேல் எதை ஏற்றினாலும் இதுதான் கதி.

சரி, துவாக்குடியில் பனியும் கிடையாது, மலையும் கிடையாது. ஆனால் குளிர்கால விளையாட்டு உண்டே! பெரிய சூரியூர் பக்கத்தில்தானே இருக்கிறது. பொங்கல் வந்தால் ஜல்லிக்கட்டு. வாடிவாசல் அலங்காரம், சவுக்குக் கட்டைத் தடுப்பு, ஏறி நின்று பார்க்க காலரி. ஒருநாள் கூத்து. மறுநாள் கட்டைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். இடம் மறுபடி ஊர்ப் பொது இடமாகிவிடும். மாடு அடுத்த நாளிலிருந்து வழக்கம்போல வீட்டு மாடு. நிலைத்து நீடிக்கிற விழா என்று எதையோ தேடி லில்லஹாமர் வரை போகிறோமே, பந்தல் போட்டுப் பந்தல் பிரிக்கிற நம்ம ஊர்ப் புத்தி அதற்குள் பாதி தூரம் வந்து நிற்கிறது.

மிச்சப் பாதியும் இருக்கிறது. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் 66 ஏக்கரில் நிரந்தர ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பார்வையாளருக்குப் பாதுகாப்பு வேண்டும், வசதி வேண்டும், அதெல்லாம் நியாயம்தான். ஆனால் கான்கிரீட் போட்ட பிறகு கேள்வியும் மாறிவிடுகிறது. பொங்கல் போனபின் மிச்ச மாசங்களில் அங்கே என்ன நடக்கும்? யார் பராமரிப்பார்கள்? தண்ணீர் எங்கிருந்து? அங்கேயும் சரி, நாளை எந்த ஊரில் எந்த அரங்கம் வந்தாலும் சரி, அடிக்கல் நாட்டுகிற அன்றைக்கே இதைக் கேட்டுவிடுவது நல்லது. திறப்பு விழா அன்று கேட்டால் மேடையில் இருப்பவர்களுக்குக் காது கேட்காது. மேளச் சத்தம் அதிகம்.

வெளியூர்க் கூட்டம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒலிம்பிக்ஸ் மாதிரியான விழாவில் புகையின் பெரும் பங்கு, ஜனங்கள் விமானத்தில் பறந்து வருவதால் ஏற்படுவது. மக்கும் தட்டும் காகிதக் கோப்பையும் வைத்து அதைச் சரிக்கட்ட முடியாது. அளவாக நடத்துவது, பக்கத்து ஜனம் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து போகிற மாதிரி நடத்துவது, இருக்கிற இடத்தில் நடத்துவது. இந்த மூன்றைத் தாண்டிப் பெரிய சூட்சுமம் எதுவும் இதில் இல்லை.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். இதுவரை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடத்திய 21 ஊர்களில், இப்படியே கட்டுமட்டில்லாமல் புகைவிட்டுக்கொண்டிருந்தால், இந்த நூற்றாண்டின் கடைசியில் நம்பி நடத்தக்கூடிய ஊர் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும் என்று.

எந்த ஊர் தெரியுமா? சப்போரோ. விளையாடி முடித்த பிறகு மலையில் மறுபடி மரம் நட்டுவிட்டுப் போனார்களே, அந்த ஊர்.

மரம் நட்டதால் பனி மிஞ்சுகிறது என்று அர்த்தமில்லை. அந்த ஊரின் பூகோளம் அப்படி. ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லையா?